பரிசுக்கும் பால் உண்டோ?

நாடகத்துக்கு நல்ல உரையாடல் தீட்டியவருக்குப் பரிசளிக்கும்போது, தீட்டிய கை ஆணின் கையா பெண்ணின் கையா என்று எவரும் கேட்பதில்லை. ஒளி அமைத்தவருக்கும், உடை வகுத்தவருக்கும், இசை கூட்டியவருக்கும் பரிசு தரும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. நடித்தவரின் முறை வந்ததும் மேடை இரண்டாகப் பிளக்கிறது. 'சிறந்த நடிகர்' என ஓர் உறையைப் பிரிக்கின்றனர். 'சிறந்த நடிகை' என மற்றோர் உறையைப் பிரிக்கின்றனர். ஏன் இந்தப் பிளவு? எவர் கிழித்த கோடு இது? என்றைக்குக் கிழித்தது? இன்னும் இருக்கத்தான் வேண்டுமா?

நியூயார்க்கிலும் இலண்டனிலும் பெர்லினிலும் கலை உலகம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாக வழக்காடுகிறது. ஒரு சாரார், "கோட்டை அழியுங்கள், நடிப்புக்கு ஆண் என்றும் பெண் என்றும் இல்லை" என்கின்றனர். மறு சாரார், "கோட்டை அழித்தால் பெண்ணின் இடமும் அதோடு சேர்ந்து அழியும், எச்சரிக்கை!" என்கின்றனர். பழமை ஒரு பக்கமும் புதுமை மறுபக்கமுமாக நிற்கும் வழக்கென்றால் தீர்ப்பு எளிது. இங்கே இரு பக்கமும் நீதியின் பெயராலேயே பேசுகின்றன. ஆதலால் நாம் அவசரப்படாமல் வரலாற்று ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். சாட்சி சொல்ல வரலாறு எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் குறைவு.

முகமூடிக்குள் ஆண்

நடிப்புக்கென்று தனிப் பரிசு ஏற்பட்ட பழம்பெரும் இடங்களுள் முதன்மையானது ஏதென்ஸ். அந்நகரத்து நாடக விழாவில் முதலில் புலவர்களே போட்டியிட்டனர், கி.மு. 449 அளவில் துன்பியல் நாடக நடிகருக்கும் தனியே பரிசு வழங்கத் தொடங்கினர். ஒரே பரிசு, ஒரே பட்டியல். ஆண் பிரிவு, பெண் பிரிவு என்ற பேச்சே இல்லை. ஆகா, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே என்ன சமத்துவம் என்று வியக்கத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள், தோழர்களே!

அந்த மேடையில் பெண் ஏறவே முடியாது. அரசன் ஆணையை எதிர்த்து நின்று, உடன்பிறந்தானின் உடலை அடக்கம் செய்த அந்திகோனி என்ற வீரமகள் அந்த நாடகங்களில் உண்டு. கணவன் செய்த வஞ்சனைக்குக் கொடும் பழி தீர்த்த மெதேயா உண்டு. பெண்ணின் நெஞ்சை அவ்வளவு ஆழமாகத் தோண்டிப் பார்த்த புலவர்கள், அந்தச் சொற்களைப் பேசுவதற்கு ஒரு பெண்ணின் நாவை அனுமதிக்கவில்லை. முகமூடிக்குள் இருந்தவன் ஆண். பெண்ணின் அழுகையை அழுதவனும் ஆண். அதற்குரிய பரிசைப் பெற்றவனும் ஆண்.

பட்டியல் ஒன்றாக இருந்தால் போதும், நீதி தானே வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு ஏதென்ஸ் ஒரு பாடம். மக்களில் பாதிப்பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்போருக்குள் வேற்றுமை பாராட்டவில்லை என்று மார்தட்டுவதில் பெருமை என்ன இருக்கிறது?

அரசன் ஆணையும் ஒழுக்கத்தின் பெயரும்

ஏதென்ஸ் விதைத்த வழக்கம் பல நாடுகளில் பல வேடங்களில் முளைத்தது. ஷேக்ஸ்பியரின் காலத்து இங்கிலாந்தில் ஜூலியட்டாகவும் டெஸ்டிமோனாவாகவும் நடித்தவர்கள் மீசை முளைக்காத சிறுவர்கள். 1629-இல் பிரெஞ்சு நாட்டுக் குழு ஒன்று பெண்களோடு இலண்டனுக்கு வந்து பிளாக்பிரையர்ஸ் அரங்கில் ஆடியபோது, கூட்டம் கூச்சலிட்டு அவர்களை மேடையிலிருந்து துரத்தியது.

அதே 1629-ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியில் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானில் 1603 அளவில் கியோட்டோ நகரத்து ஆற்றங்கரையில் ஒகுனி என்ற பெண் தொடங்கி வைத்த ஆடற்கலைதான் கபுகி. பெண் பெற்ற பிள்ளை அது. அந்தக் கலையின் மேடையிலிருந்து பெண்களை விலக்கி 1629-இல் ஆட்சியாளர் தடை விதித்தனர். ஒழுக்கம் கெடுகிறதாம்! பெண் பெற்ற பிள்ளையை அவள் கையிலிருந்து பறித்து, அவள் வேடத்தையும் ஆணுக்கே கொடுத்தனர். கபுகியில் பெண் வேடமிடும் ஆண்களின் மரபு இன்றளவும் தொடர்கிறது.

இங்கிலாந்தில் காற்று மாறியது 1660-இல். பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த அரங்குகள் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் திறந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில், நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், கைனஸ்டன் என்ற இளைஞன் பெண்ணாக நடித்ததைக் கண்டு அவன் அழகை வியந்து எழுதி வைத்தார். நான்கு திங்கள் கழித்து, டிசம்பர் 8 அன்று, இலண்டன் பொது அரங்கொன்றில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே தோன்றினாள். அவள் பெயரை அன்றைக்கு எவரும் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. பின்னர் வந்தோர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைச் சொல்லி இன்னும் வாதிடுகின்றனர். பெண் வேடமிட்ட ஆணின் பெயர் ஏட்டில் இருக்கிறது. பெண்ணாகவே வந்த பெண்ணின் பெயர் ஐயத்தில் கிடக்கிறது! வரலாறு யார் கையால் எழுதப்பட்டது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1662-இல் அரசன் ஆணை பிறந்தது: பெண் வேடங்களைப் பெண்களே ஏற்கலாம். காரணம் என்ன? பெண்ணுக்கு உரிமை தரவேண்டும் என்ற கருணையன்று. ஆண்கள் பெண்ணுடை அணிந்து ஆடுவதைப் பலர் அருவருக்கின்றனர் என்பதே ஆணையில் சொல்லப்பட்ட காரணம். ஜப்பானில் பெண் மேடையேறினால் ஒழுக்கம் கெடும். இங்கிலாந்தில் ஆண் பாவாடை கட்டினால் ஒழுக்கம் கெடும். ஒழுக்கம் என்ற அந்த ஒரே சாட்டை ஓரிடத்தில் பெண்ணை விரட்டுகிறது. இன்னோரிடத்தில் பெண்ணை அழைக்கிறது. சாட்டையின் திசை மாறினாலும் பிடித்திருந்த கை மாறவில்லை.

இந்தப் பழங்கதை இன்றைய பரிசுப் பட்டியலுக்கு எப்படித் தொடர்புடையது என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. உலகம் போற்றும் ஹாம்லெட் நாடகத்தில் கதைக்குரிய பெண்கள் இருவரே. ஜூலியஸ் சீசரிலும் இருவரே. பெண்ணுக்கு இடமில்லாத மேடைக்காக எழுதப்பட்ட நாடகங்களில் பெண் வேடம் அருகியே இருக்கும். அந்த நாடகங்களைத்தாம் உலகம் நானூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஆடுகிறது. பெரிய வேடங்கள் ஆணுக்கு மிகுதி, பெண்ணுக்குக் குறைவு. பந்தயத்தில் ஒருவனுக்குக் குதிரையும் ஒருத்திக்குக் கழுதையும் கொடுத்துவிட்டு, "ஓடுங்கள், இருவருக்கும் ஒரே பரிசுதான்" என்றால் அது எவ்வகை நீதி? பெண் கலைஞர்களின் அச்சம் இங்கேதான் வேர்கொள்கிறது.

டப்பியும் கவ்வியும்

இனி நியூயார்க்குக்கு வருவோம். அமெரிக்க நாடக உலகின் தலையாய பரிசுக்கு 'டோனி' என்று பெயர். ஆண் பெயர்போல் ஒலிக்கும் அது ஒரு பெண்ணின் செல்லப் பெயர். அன்டாய்னெட் பெரி என்பவர் 1888-இல் பிறந்து, நடிகையாகத் தொடங்கி, நாடகத் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் உயர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க நாடகச் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். மேரி சேஸ் என்ற பெண்மணி எழுதி, 1945-இல் புலிட்சர் பரிசு பெற்ற 'ஹார்வி' நாடகத்தை 1944-இல் இயக்கியவர் அவரே. 1946-இல் அவர் மறைந்தார். அவர் நினைவாக 1947 ஏப்ரல் 6 அன்று வால்டார்ப் அஸ்டோரியா விடுதியில் முதல் விழா நடந்தது.

அந்த விழாவில் நடிப்புப் பரிசுகள் ஆண், பெண் என இரு கூறாகவே வழங்கப்பட்டன. திரைப்பட உலகின் ஆஸ்கார் 1929 முதல் காட்டிய வழி அது. ஜோசே பெரர், பிரெடரிக் மார்ச் ஆகிய இருவரும் சிறந்த நடிகர்கள். இங்ரிட் பெர்க்மன், ஹெலன் ஹேய்ஸ் ஆகிய இருவரும் சிறந்த நடிகையர். இப்போது பரிசாகத் தரப்படும் பதக்கம் அன்றைக்கு இல்லை. அது 1949-இல்தான் வந்தது. பின் என்ன கொடுத்தனர்? பாராட்டுச் சுருளோடு, பெண்களுக்குத் தங்கப் பவுடர் டப்பியும் கைவளையும். ஆண்களுக்கு நோட்டுக்கட்டைச் செருகி வைக்கும் தங்கக் கவ்வி!

தோழர்களே, இந்தப் பரிசுப்பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே மேடையில் உழைத்தவர்கள். இருவரும் ஒரே கலையில் வென்றவர்கள். ஆணிடம் பணம் இருக்கும், அதைச் செருகக் கவ்வி வேண்டும். பெண்ணிடம் முகம் இருக்கும், அதற்குப் பூசப் பவுடர் வேண்டும்! ஒரு சமுதாயம் தன் மனத்துக்குள் வைத்திருக்கும் தராசை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமோ? தீயெண்ணம் கொண்டு எவரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். அன்போடுதான் செய்திருப்பார்கள். வழக்கத்தின் வலிமையே அதுதான். தீயவனைக் கொண்டு செய்யும் வேலையை நல்லவனைக் கொண்டே செய்து முடித்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கு நடுவணரசு முதன்முதலாக நடிப்புப் பரிசுகள் வழங்கியபோது, ஆணின் பரிசுக்குப் 'பாரத்' என்று பெயர். பெண்ணின் பரிசுக்கு 'ஊர்வசி' என்று பெயர். 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். பெற்றது 'பாரத்', சாரதா பெற்றது 'ஊர்வசி'. ஆணுக்கு, நாட்டையும் நாட்டிய நூல் செய்த முனிவனையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர். பெண்ணுக்கு, இந்திரன் சபையில் ஆடுவதற்கென்றும் தவம் புரிவோரை மயக்குவதற்கென்றும் புராணிகர் படைத்த ஆடல் மகளின் பெயர்! அமெரிக்கன் பவுடர் டப்பி கொடுத்தான். நாம் புராணப் பெயர் கொடுத்தோம். இரண்டும் ஒரே கடைச் சரக்கு. அந்தப் பெயர்கள் பின்னர் கைவிடப்பட்டன, பிரிவு தொடர்ந்தது.

ஐம்பத்தோர் ஆண்டுக் காத்திருப்பு

இவ்வளவு சொன்னபின், "கோட்டை உடனே அழித்துவிடுவோம்" என்று நாம் கூவிவிடலாம். ஆனால் வரலாறு கையை நீட்டி நிறுத்துகிறது.

டோனி விழாவில் தொடக்கம் முதலே ஆண், பெண் எனப் பிரிக்கப்படாத பரிசு ஒன்று உண்டு. அது இயக்குநருக்குரியது. 1947-இல் எலியா கசான் அதனைப் பெற்றார். பெண்ணுக்கு அங்கே தடை இல்லை, சட்டம் இல்லை, கோடு இல்லை. விழாவுக்கே பெயர் தந்த அன்டாய்னெட் பெரி தாமே ஓர் இயக்குநர். அப்படியானால் முதல் பெண் எந்த ஆண்டில் அந்தப் பரிசைப் பெற்றார்? 1998-இல்! ஐம்பத்தோர் ஆண்டுகள் கழித்து! அயர்லாந்தின் கேரி ஹைன்ஸ் உரைநடை நாடகத்துக்கும், ஜூலி டேமர் 'சிங்க அரசன்' இசை நாடகத்துக்கும் ஒரே இரவில் பெற்றனர். இசை அமைப்புக்கான பரிசைத் தனியொரு பெண்ணாக முதன்முதல் சிண்டி லாப்பர் பெற்றது 2013-இல். ஆஸ்கார் விழாவில் இயக்குநர் பரிசை முதற்பெண்ணாகக் கேத்ரின் பிகலோ பெற்றது 2010-இல். அந்த விழா தொடங்கி அதற்குள் எண்பத்தோர் ஆண்டுகள் உருண்டோடியிருந்தன.

ஒரு பெண்ணின் பெயரால் வழங்கும் பரிசை, அவள் செய்த அதே தொழிலைச் செய்த பெண்கள் அரை நூற்றாண்டு தொட முடியவில்லை. அதே காலத்தில் நடிப்புப் பரிசை ஆண்டுதோறும் பெண்கள் பெற்று வந்தனர். காரணம் என்ன? இயக்குநர் பட்டியலில் கோடு இல்லை. நடிப்புப் பட்டியலில் கோடு இருந்தது. இழிவுபடுத்துவதாக நாம் கருதும் அந்தக் கோடே வேலியாகவும் இருந்து, பெண்ணின் பங்கை எவரும் விழுங்கிவிடாமல் காத்தது என்பதை மறைப்பது அறிவுடைமை ஆகாது.

இலண்டனில் வழங்கப்படும் பிரிட் இசைப் பரிசு அண்மைக்காலச் சான்று. 2022-இல் அவர்கள் ஆண் கலைஞர், பெண் கலைஞர் என்ற பிரிவை நீக்கினர். முதலாண்டில் அடீல் என்ற பாடகி வென்றார், எல்லோரும் மகிழ்ந்தனர். மறு ஆண்டு, 2023-இல், ஆண்டின் சிறந்த கலைஞர் பரிசுக்கு முன்மொழியப்பட்டோர் ஐவர், ஐவரும் ஆண்கள்! "நாங்கள் அஞ்சியது இதைத்தான்" என்று பெண் கலைஞர்கள் சொன்னபோது எவரால் மறுக்க முடிந்தது? 2024-இல் ஐந்து இடங்களைப் பத்தாக்கினர். ரே என்ற பாடகி வென்றார். இடங்கள் பெருகியதும் மூச்சுவிடக் காற்றுக் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னே பயன்படும்.

எந்த வரிசையில் நிற்பது?

கோடு இருந்தால் பெண்ணுக்குக் காப்பு, சரி. ஆனால் அந்தக் கோட்டின் எந்தப் பக்கமும் சேராதோர் உளரே, அவர்கள் எங்கே நிற்பது?

தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ கூறிக்கொள்ளாத கலைஞர்கள் இன்று நியூயார்க் மேடையில் வெளிப்படையாக வாழ்கின்றனர். 2023-இல் ஜஸ்டின் டேவிட் சல்லிவன் என்ற கலைஞர், டோனி பரிசுக்குத் தம்மைக் கருதவே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். நடிகர் வரிசையும் தமக்குரியதன்று, நடிகை வரிசையும் தமக்குரியதன்று என்பதே அவர் கூறிய காரணம். ஒரு கலைஞனுக்குப் பரிசின் மேல் ஆசை இருக்காதா? இருக்கும். பொய் சொல்லிப் பெறும் பரிசை விட உண்மை பேசி இழக்கும் பரிசே பெரிது என்று ஓர் இளையவர் முடிவு செய்தார். நம் இளைஞர்கள் வணங்க வேண்டியதில்லை. மதிக்க வேண்டிய நெஞ்சுறுதி அது.

அதே ஆண்டு ஜே. ஹாரிசன் கீ, அலெக்ஸ் நியூவெல் ஆகிய இருவரும் நடிகர் பிரிவில் நின்று டோனி பரிசு பெற்றனர். இவ்வகையினர் என வெளிப்படையாக அறியப்பட்டோர் நடிப்புக்கு டோனி பெற்றது அதுவே முதன்முறை. 'நடிகர்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலைக் குறிப்பது, பாலைக் குறிப்பதன்று என்ற கருத்தில் நியூவெல் அந்த வரிசையைத் தேர்ந்தார். 2025-இல் கோல் எஸ்கோலா, ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியாகத் தாமே எழுதி நடித்த நாடகத்துக்குச் சிறந்த நடிகர் டோனி பெற்றார். பெண் வேடம்; பாலைக் கடந்த கலைஞர்; ஆண் வரிசைப் பரிசு!

இது புதுக் குழப்பமும் அன்று. சிறுவனான பீட்டர் பேனாக நடித்த மேரி மார்ட்டின் 1955-இல் சிறந்த நடிகைக்கான டோனி பெற்றார். தாயாக நடித்த ஹார்வி பையர்ஸ்டீன் 2003-இல் சிறந்த நடிகர். ஒலிவியா சீமாட்டியாக நடித்த மார்க் ரைலன்ஸ் 2014-இல் சிறந்த துணை நடிகர். லியர் அரசனாக நடித்த கிளெண்டா ஜாக்சன் 2017-இல் இலண்டனின் ஒலிவியர் பரிசுக்குச் சிறந்த நடிகையாக முன்மொழியப்பட்டார். அரசன் வேடத்துக்கு நடிகைப் பரிசு. சீமாட்டி வேடத்துக்கு நடிகர் பரிசு. அப்படியானால் அந்தக் கோடு நடிப்பை அளக்கிறதா? வேடத்தை அளக்கிறதா? இரண்டையும் இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் பிறப்புச் சான்றிதழை அளக்கிறது. நடிப்பென்பதே தாம் அல்லாத ஒருவராக மாறிக் காட்டும் கலை. அந்தக் கலைக்குத் தரும் பரிசு, மாறாதிருக்கும் ஒன்றை வைத்துப் பிரிக்கப்படுகிறது!

தமிழருக்கு இதில் வியப்பேதும் இருக்க முடியாது. டி.கே. சண்முகம் ஔவையாராக மேடையில் நடித்தார். அவர் பெயரே 'ஔவை சண்முகம்' ஆயிற்று. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் திரையில் நந்தனாராக நடித்தார். 1953-இல் அதே ஔவையாராகத் திரையில் தோன்றினார். ஒரே மூதாட்டியை ஓர் ஆணும் நடித்தார், ஒரு பெண்ணும் நடித்தார். இருவரையும் தமிழ் மக்கள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினர். சண்முகத்தின் ஔவையை ஆண் ஔவை என்றும், சுந்தராம்பாளின் ஔவையைப் பெண் ஔவை என்றும் இரு தட்டில் வைத்தா நிறுத்தார்கள்?

மொழியும் நமக்குத் துணை நிற்கிறது. வகுப்பறையில் பிள்ளைகளுக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று கற்பிக்கிறோம். நடிகன் ஆண்பால், நடிகை பெண்பால், 'நடிகர்' என்றாலோ பன்மையும் ஆகும், மதிப்பும் ஆகும், இருபாலாரையும் தழுவும். ஆணியல்பு திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கும் தொல்காப்பியம் உயர்திணையிலேயே இடம் வகுத்தது. அவர்களை மக்களுள் மக்களாகவே வைத்தது. 2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இலக்கணமும் சட்டமும் இடம் தந்தபின், பரிசுப் பலகை மட்டும் கதவடைத்து நிற்கலாமா?

எண்கள் பேசட்டும்

இருபக்க நியாயத்தையும் கேட்டோம். ஒரு பக்கம் பெண்ணின் பங்கு. மறுபக்கம் பால் கடந்த கலைஞரின் தன்மானம். ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிடத்தான் வேண்டுமா? வேண்டாம் என்று காட்டிய இடங்கள் உண்டு.

நியூயார்க்கில் நாடகத் திறனாய்வாளரும் செய்தியாளரும் சேர்ந்து வழங்கும் 'டிராமா டெஸ்க்' பரிசை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு விழா முதல் அவர்கள் நடிகர், நடிகை என்ற பிரிவை நீக்கினர். நீக்கும்போது ஓர் அறிவான ஏற்பாடு செய்தனர்: ஒவ்வொரு தலைப்பிலும் முன்மொழியப்படுவோர் தொகையை இரட்டித்தனர், ஒருவருக்குப் பதில் இருவருக்குப் பரிசு என்றனர். பரிசுகளின் மொத்தத் தொகை குறையவில்லை. நடுவிலிருந்த சுவர் மட்டும் போயிற்று. முதலாண்டின் முடிவு என்ன? நான்கு தலைப்புகளில் எட்டுப் பரிசுகள். ஜெசிக்கா சேஸ்டைன், அன்னலீ ஆஷ்போர்டு, மிரியம் சில்வர்மன் எனப் பெண்கள் மூவர். ஷான் ஹேய்ஸ், பிராண்டன் யுரனோவிட்ஸ், கெவின் டெல் அகிலா என ஆண்கள் மூவர். நாம் முன்னே கண்ட கீ, நியூவெல் இருவர். மூன்று, மூன்று, இரண்டு! எவரும் திட்டமிட்டுப் பங்கு பிரிக்கவில்லை. திறமைக்கு வழிவிட்டனர், எல்லோரும் உள்ளே வந்தனர்.

பெர்லின் திரைப்பட விழா 2021 முதல் சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற பரிசுகளை எடுத்துவிட்டு, முதன்மை வேடத்துக்கு ஒன்று, துணை வேடத்துக்கு ஒன்று என இரண்டு பரிசுகளை வைத்தது. இங்கும் பரிசின் தொகை இரண்டுதான், குறையவில்லை. 2021 முதல் 2025 வரை ஐந்தாண்டுகளில் முதன்மைப் பரிசு பெற்றோர் ஐவரில் நால்வர் பெண்பாலார். அவர்களுள் சோபியா ஒட்டேரோ ஒன்பது வயதுச் சிறுமி! ஆண் ஒருவரே, அவர் 2024-இல் பெற்ற செபாஸ்டியன் ஸ்டான். துணை வேடப் பரிசிலும் ஐவரில் நால்வர் பெண்கள்; அவர்களுள் தேயா எரே ஒரு திருநங்கை. பத்துப் பரிசில் எட்டு! பிரிவை நீக்கினால் பெண் அழிந்துபோவாள் என்ற அச்சத்துக்குப் பெர்லின் தந்த விடை இது.

ஒரே மருந்து பெர்லினில் நோய் தீர்க்கிறது; இலண்டனில் நோய் கூட்டுகிறது. ஏன்? பெர்லினிலும் டிராமா டெஸ்கிலும் இருக்கைகளைக் குறைக்கவில்லை. பிரிட் விழாவிலோ இரண்டு பட்டியலுக்குரிய இடங்களை ஒரு பட்டியலுக்குரிய ஐந்தாகச் சுருக்கினர். நெருக்கடியான இடத்தில் வலியவன் உள்ளே நுழைகிறான். பழகிய பெயர் முந்திக்கொள்கிறது. சமத்துவத்தின் பெயரால் இருக்கையைக் குறைப்பது சிக்கனமே தவிர சமத்துவம் ஆகாது.

இன்னொரு வாதத்துக்கும் விடை சொல்லிவிடுவோம். "ஓட்டப் பந்தயத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறார்களே, நடிப்பில் பிரித்தால் என்ன?" என்று கேட்போர் உளர். ஓட்டத்தை அளப்பது கடிகாரம். அங்கே தசையும் எலும்பும் முடிவை மாற்றுகின்றன. நடிப்பை அளப்பது காண்போர் நெஞ்சம். சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கும், கண்ணின் கசிவுக்கும், மௌனத்தின் கனத்துக்கும் எந்தத் தசையின் வலிமை வேண்டும்? நடிப்பில் ஆணுக்குப் பெண் இளைத்தவள் என்று சொல்லத் துணிவிருந்தால் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லட்டும். அந்தத் துணிவு எவருக்கும் இல்லை. சொல்லத் துணியாத கருத்தின் மேல் சுவர் கட்டி வைத்திருப்பானேன்?

டோனியும் ஆஸ்காரும் 2025 விழா வரை பழைய வழியிலேயே நடந்தன. பெரிய மரங்கள் மெல்லத்தான் அசையும். ஆனால் நாம் அவற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய தேவையில்லை. நம் நாட்டுச் சங்கீத நாடக அகாதமி நடிப்புக்கு வழங்கும் விருதில் ஆண், பெண் என்ற கூறு கிடையாது; வழி இங்கேயே இருக்கிறது. ஊர்தோறும் மன்றங்கள் நாடகப் போட்டி நடத்துகின்றன. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆண்டு விழாக்கள் நடக்கின்றன. அங்கெல்லாம் 'சிறந்த நடிகன் ஒருவன், சிறந்த நடிகை ஒருத்தி' என்று எழுதுவதற்குப் பதிலாகச் 'சிறந்த நடிப்பு: இருவர்' என்று எழுதலாமே! செலவு ஒரு காசும் கூடாது. நடுவர் குழுவில் பெண்களைச் சரிபாதியாக அமர்த்தலாம். பெண்ணுக்குப் பெரிய வேடம் உள்ள நாடகத்தைத் தேடி எடுக்கலாம், கிடைக்காவிட்டால் எழுதலாம். வேடம் இல்லாமல் பரிசு மட்டும் கொடுப்பது, விதைக்காத வயலில் அறுவடைக்கு ஆள் அனுப்புவது போலாகும். ஏதென்ஸ் பட்டியலை ஒன்றாக வைத்து மேடையை மூடியது. நியூயார்க் மேடையைத் திறந்து பட்டியலைப் பிளந்தது. மேடையையும் திறந்து, பட்டியலையும் ஒன்றாக்கி, இருக்கையையும் குறைக்காத மூன்றாவது வழி இப்போது கண்டறியப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும் முன்பு, பரிசுப் பட்டியலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. திருத்த வேண்டிய வரிகள் இரண்டே. பேனா நம் கையில்தான் இருக்கிறது.